குளத்தில் விட்ட மீன்

எங்கள் வீட்டு முன்கூடத்தில், ஜன்னலுக்கு எதிர்ப்புறமாக, மூன்றடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. மாலையில் விளக்கேற்றும் வேளையில் அதனுள்ளும் ஒரு சிறு விளக்கு எரியும். வீட்டுக்கு வருவோர் முதலில் அதனருகே சென்று நிற்பர். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்ப்பர். பெரியவர்களோ, "இவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மனக்கவலை எல்லாம் பறந்துவிடுமே!" என்பர். நானும் ஆமெனத் தலையசைப்பேன். ஆயினும் மீன் வளர்ப்பு எனக்கு அளித்தது மன அமைதி மட்டுமன்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக மீன் வளர்த்து வருகிறேன். என் அறியாமையால் மடிந்த மீன்கள் பல. அவற்றுக்காக வருந்தியதுண்டு. ஆனால், மடியாமல் பிழைத்த இரண்டு மீன்களே என் உறக்கத்தைப் பல இரவுகள் கெடுத்தன. அந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்னும் எண்ணத்தாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

ஹார்லிக்ஸ் புட்டியில் வந்த விருந்தினர்

1976ஆம் ஆண்டு. சென்னை சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் சென்ட்ரல் இரயில் நிலையத்தை அடுத்திருந்த மூர் மார்க்கெட்டுக்குச் சென்று பழைய புத்தகங்களைப் புரட்டுவது என் வழக்கம். 1985ஆம் ஆண்டில் தீக்கிரையாகிப்போன அந்த அங்காடியை அறிந்தவர்கள் இன்றும் அதன் பெயரைப் பெருமூச்சோடுதான் உச்சரிப்பர். புத்தகக் கடைகளைக் கடந்து சென்றால் கிளியும் புறாவும் முயலும் விற்கும் கடைகள் வரும். அங்கு ஒருநாள், கண்ணாடிப் புட்டிக்குள் விரற்கடை நீளமே உள்ள சில மீன்கள் வானவில்லைக் கிழித்துக் கட்டியது போன்ற வாலை ஆட்டிக்கொண்டிருக்கக் கண்டேன். 'கப்பி' என்றார் கடைக்காரர்.

தென்னமெரிக்காவின் வடபகுதியும் அதனை அடுத்துள்ள டிரினிடாட் தீவும் அம்மீனின் தாயகம். அத்தீவிலிருந்து அதனை இலண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வைத்த இராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவரின் பெயரே 1866ஆம் ஆண்டில் அதற்கு இடப்பட்டது என்பதையெல்லாம் பின்னரே படித்தறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அதன் அழகு ஒன்றே. இரண்டு இணைகளை வாங்கினேன். விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டபோது அவற்றை ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் விட்டு, மூடியில் ஆணியால் துளையிட்டு, திருநெல்வேலி இரயிலில் இரவு முழுவதும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

என் தாயார் அவற்றை வியப்போடு நோக்கினார். கொசுப்புழுவைப் பிடித்துப் போடுவதும், அவித்த முட்டையின் மஞ்சட்கருவைப் பொடி செய்து தூவுவதுமாக நான் அலைவதைக் கண்டு, "குழம்புக்கு ஆகாத மீனுக்கு எதற்கடா இத்தனை உபசாரம்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு இன்றுவரை என்னிடம் சரியான விடையில்லை. கப்பி முட்டையிடும் இனமன்று, குஞ்சாகவே ஈனும். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், கண்ணும் வாலும் மட்டுமே தெரிந்த இருபது குஞ்சுகள் புட்டிக்குள் நீந்தியபோது, என் தாயாரே அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டினார்.

சுத்தம் செய்த கேடு

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களைப் பேணும் கலை மிகப் பழையதன்று. சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளாகப் பொன்மீன்களை வளர்த்து வந்திருக்கின்றனர் எனினும், அவர்கள் வைத்தது குளங்களிலும் பீங்கான் சாடிகளிலுமே. இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் 1853ஆம் ஆண்டில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை நூலார் தொட்டி அமைக்கும் முறையைப் பற்றி ஒரு நூலே எழுதி வெளியிட்டார். நம் சென்னை மெரினாக் கடற்கரையிலும் 1909ஆம் ஆண்டில் மீன் காட்சியகம் ஒன்று அமைந்தது. மும்பையில் தாராபோர்வாலா மீன் காட்சியகம் 1951இல் வந்தது. இவற்றைப் பற்றிப் படித்ததும் எனக்கும் தொட்டி ஒன்று வேண்டும் என்னும் ஆசை மிகுந்தது.

பாளையங்கோட்டையில் ஆசிரியப் பணி கிடைத்ததும், முதல் மாதச் சம்பளத்தில் இரும்புச் சட்டம் பொருத்திக் கண்ணாடி பதித்த இரண்டடித் தொட்டி ஒன்று செய்வித்தேன். அந்நாளில் சிலிக்கோன் பசை எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை. இடுக்குகளை மக்குப் பூசியே அடைப்பார்கள். தொட்டி நிறைய மீன் வாங்கி விட்டேன். என் மீன்களைப் போலத் தூய்மையாக வாழும் மீன்கள் எங்கும் இருத்தலாகாது என்பது என் உறுதி. ஆகவே ஞாயிறு தோறும் தொட்டியைக் கவிழ்த்து, மணலைப் பலமுறை அலசி, கண்ணாடியைத் தேய்த்து, நகராட்சிக் குழாயில் வந்த புதுநீரை விளிம்புவரை நிரப்புவேன். நீர் பளிங்கு போல் இருக்கும். புதன்கிழமைக்குள் இரண்டு மீன் மிதக்கும். சனிக்கிழமைக்குள் மேலும் இரண்டு. நோய் என்று எண்ணி, இன்னும் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். இன்னும் விரைவாக மடிந்தன.

அப்போது எங்கள் தெருவில் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டில் பாசி படிந்த பழந்தொட்டி ஒன்று உண்டு. அதில் இருந்த மீன்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. என் புலம்பலைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, நீ மீனை வளர்க்கிறாய், அதனால்தான் அது சாகிறது. நீரை வளர். மீன் தானே வளரும்."

அவர் விளக்கிக் கூறிய செய்தியைப் பின்னர் என் மாணவர்களுக்கு வகுப்பில் எத்தனையோ முறை கூறியிருக்கிறேன். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியிடுகிறது. உண்ணாது விட்ட இரை அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். அது மீனுக்குக் கொடிய நஞ்சு. ஆற்றிலும் குளத்திலும் நீர்ப்பெருக்கு அதைக் கரைத்துவிடும். குறுகிய தொட்டியிலோ தேங்கும். ஆனால் மணலிலும் கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. அவற்றில் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதனால் தீங்கு மிகக் குறைவு. செடிகள் அதனை உரமாகக் கொள்ளும். எஞ்சியதை, வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றி அகற்றினால் போதும். இந்த நுண்ணுயிர்கள் ஒரு புதுத் தொட்டியில் நிலைபெறுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நானோ ஏழு நாளுக்கு ஒருமுறை அவற்றை வேரோடு களைந்து வந்தேன். குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் கலந்த குளோரினும் என் பங்குக்கு உதவி செய்தது. ஒரு நாள் திறந்து வைத்திருந்தால் அது பெரும்பாலும் நீங்கியிருக்கும். ஒரு நாள் பொறுக்க எனக்கு மனமில்லை.

அன்று முதல் ஆறு வாரம், இரண்டே மீன்களை விட்டுவிட்டு, வெறும் நீரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். தெருவார் நகைத்தனர். ஏழாம் வாரம் முதல் என் தொட்டியில் சாவு நின்றது.

என் மனைவி 1981ஆம் ஆண்டில் இவ்வீட்டுக்கு வந்தபோது, சீர்வரிசைப் பாத்திரங்களை வைக்க வேண்டிய இடத்தைத் தொட்டி அடைத்துக்கொண்டிருப்பதை விரும்பவில்லை. அவளது மனத்தை மாற்றியது தாய்லாந்து நாட்டுச் சண்டை மீன் ஒன்று. இரு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் போரிட்டு மடியும் இனம் அது. காற்றை நேரே உட்கொள்ளும் உறுப்பு அதற்குத் தலையில் உண்டு. அந்தக் காற்றைக் கொண்டே ஆண்மீன் நீர்ப்பரப்பில் குமிழிகளால் ஒரு கூடு கட்டும். பெண் இட்ட முட்டைகளை வாயால் பொறுக்கி அக்கூட்டில் ஒட்டவைக்கும். பிறகு பெண்ணை அருகே அண்டவிடாது. நழுவி விழும் ஒவ்வொரு முட்டையையும், பொரித்தபின் தவறி விழும் ஒவ்வொரு குஞ்சையும், ஊண் உறக்கமின்றித் தூக்கித் தூக்கி மேலே சேர்க்கும். இதனை இரவு நெடுநேரம் பார்த்திருந்த என் மனைவி, என் பக்கம் திரும்பி, "இந்த அப்பனைப் பாருங்கள்! நீங்கள் நம் பிள்ளையைத் தூக்கி எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்டாள். விடைத்தாள் கட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். அதன்பின் தொட்டியின் இடத்தைப் பற்றி அவள் பேசியதில்லை.

உப்பளத்துக்காரர் கற்பித்த பாடம்

1988ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு மாற்றம் வந்தது. கடலை அண்டி வாழ்ந்தும் கடல்மீன் வளர்க்கவில்லையெனில் நாம் என்ன மீன்வளர்ப்போர் என்னும் செருக்கு என்னைப் பற்றிக்கொண்டது. சங்கு குளிக்கும் தொழிலாளர் ஒருவர், கோமாளி மீன் ஒன்றையும் அது தங்கும் கடற்சாமந்தி ஒன்றையும் வாளியில் கொண்டுவந்து தந்தார். கடற்சாமந்தி மலர் போல் தோன்றினும் ஒரு விலங்கே. அதன் இதழ்கள் போன்ற கைகள் கொட்டும் தன்மையுடையன. பிற மீன்கள் அஞ்சி விலகும் அக்கைகளுக்கிடையே கோமாளி மீன் மட்டும் ஒளிந்து விளையாடும். அந்தக் காட்சியை எங்கள் வீட்டில் பார்க்க அரை ஊர் திரண்டது.

நன்னீர் மீனும் கடல்மீனும் உருவில் ஒத்திருந்தாலும் உள்ளே நேர்மாறான வாழ்க்கை வாழ்கின்றன. நன்னீர் மீனின் உடலில் உள்ள உப்பு வெளிநீரில் உள்ளதைவிட மிகுதி. ஆகவே நீர் ஓயாமல் உடலுக்குள் புகும். அது நீரைப் பருகுவது அரிது; புகுந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கடல்மீனுக்கோ வெளியே உப்பு மிகுதி; உடலின் நீர் ஓயாமல் வெளியேறும். அஃது ஈடுசெய்யக் கடல்நீரைப் பருகி, மிகையான உப்பைச் செவுள் வழியாகக் கழிக்கிறது. கடலுக்குள் வாழும் உயிர், தாகத்தோடு போராடுகிறது! ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்த அளவு சிறிது பிறழ்ந்தாலும் தொட்டியில் அடைபட்ட மீனுக்கு இடர்தான்.

சித்திரை வெயிலில் தொட்டிநீர் நாளுக்கு ஒரு விரல் வற்றியது. வற்றிய அளவுக்குத் துறைமுகக் கரையிலிருந்து கடல்நீர் கொண்டுவந்து ஊற்றினேன். கடல்மீனுக்குக் கடல்நீர், இதில் ஐயம் என்ன? மூன்றாம் வாரம் கோமாளி மீன் மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்கியது. ஓரிரவில் கடற்சாமந்தி கூழாய்க் கரைந்து நீர் முழுவதும் நாறிற்று. விடியும்போது உயிருள்ளது எதுவும் அத்தொட்டியில் இல்லை.

என் மாணவன் ஒருவனின் தந்தை உப்பளத்தில் வேலை செய்பவர். பள்ளிக்கூடத்தின் பக்கமே அதிகம் சென்றறியாதவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "வெயிலில் தண்ணிதானே சார்வாள் வத்தும்? உப்பு வத்துமா? அதை நம்பித்தானே நாங்கள் பிழைக்கிறோம்" என்றார். பாத்தியில் கடல்நீரை விட்டுக் காய வைத்து, மூன்று அல்லது மூன்றரை டிகிரியில் உள்ள நீர் இருபத்தைந்து டிகிரி அளவை எட்டும்போது உப்பு விளையத் தொடங்கும் என்று அளவுமானியை நீட்டிக் காட்டினார். நான் என் வீட்டுக் கூடத்தில் ஓர் உப்பளம் நடத்தியிருக்கிறேன்! வற்றிய இடத்தை நன்னீர் கொண்டு நிரப்பியிருக்க வேண்டும் என்னும் சிறு உண்மை, வேதியியல் பட்டம் பெற்ற எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கடற்சாமந்தியை அதன்பின் நான் நாடவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986ஆம் ஆண்டில் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டிருந்தன. 2001ஆம் ஆண்டில் பவளமும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கோமாளி மீனைப் பொறுத்தவரை இன்று நற்செய்தி ஒன்றுண்டு. 1947இல் தொடங்கப்பெற்ற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார், அதனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை வகுத்துள்ளனர். கடலைக் கொள்ளையிடாமலே அதன் அழகைக் காணும் வழி பிறந்திருக்கிறது.

கருணை என்று எண்ணிய செயல்

நிற்க. இனிச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

2005ஆம் ஆண்டளவில், தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்று சொல்லி ஒரு கடையில் இரண்டு 'சக்கர்' மீன்களைத் தந்தனர். 'டேங்க் கிளீனர்' என்றும் அதனைச் சொல்வர். வாய் அடிப்புறத்தில் வட்டமாக இருக்கும். அதைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். உடலெங்கும் செதிலுக்குப் பதிலாகக் கவசம் போன்ற எலும்புத் தகடுகள். இதன் தாயகமும் தென்னமெரிக்காவே. வாங்கியபோது சுண்டுவிரல் நீளம். விற்றவர் சொல்லாததும் நான் கேட்காததும் ஒன்றுண்டு: அது ஒன்றரை அடி வரை வளரும். ஏழு ஆண்டில் இரண்டும் ஓரடியைத் தாண்டிவிட்டன. திரும்பினால் செடி பிடுங்கப்படும். வாலை அடித்தால் தரையெல்லாம் நீர்.

2012ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். சென்னையில் இருந்த மகன் வீட்டுக்குச் செல்வதென முடிவாயிற்று. தொட்டியைப் பள்ளிக்குக் கொடுத்தேன். சிறு மீன்களைக் கேட்டு வாங்கிச் செல்லப் பலர் வந்தனர். அவ்விரண்டு முரட்டு மீன்களை மட்டும் எவரும் விரும்பவில்லை. கொல்ல மனம் வரவில்லை. ஏழு ஆண்டு என் கையால் இரை உண்டவை அல்லவா? ஆகவே சொந்த ஊருக்கு விடைபெறச் சென்ற நாளில், வாளியில் கொண்டுசென்று ஊர்க் குளத்தின் மதகருகே விட்டேன். இரண்டும் ஒரு கணம் தயங்கிப் பின் சேற்று நீரில் மறைந்தன. "விடுதலை கொடுத்துவிட்டேன்" என்று மனைவியிடம் மகிழ்ந்து கூறியது நினைவிருக்கிறது.

சென்னையில் ஆறு ஆண்டு இருந்தோம். கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்கு என் பேரனை அழைத்துச் செல்வேன். வீட்டு மொட்டை மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி மீன் பெருக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் பல அங்கு உண்டு. அவர்களுள் ஒருவர், பெரிதாகிவிட்ட மீனைத் திரும்பக் கொண்டுவருவோரிடம் பெற்றுக்கொள்வதைக் கண்டபோது, 'அட, இப்படியும் செய்யலாமே' என்று நெஞ்சில் ஏதோ உறுத்திற்று. அவ்வுறுத்தலை அப்போதே அடக்கிக்கொண்டேன்.

2018ஆம் ஆண்டில் என் மனைவியின் உடல்நலம் கருதி ஊருக்கே திரும்பினோம். மறு ஆண்டு வைகாசியில் குளம் வற்றி, மீன்பிடிப்பு நடந்தது. கரையில் ஊரே கூடியிருந்தது. எங்கள் குளத்து விராலும் கெளுத்தியும் அயிரையும் சுவைக்குப் பெயர் பெற்றவை. நானும் பையோடு சென்றேன். வலையை இழுத்துக் கரையில் கொட்டினர். கூட்டத்தில் ஓர் அமைதி பரவிற்று. குவியலில் பாதிக்கு மேல் கருநிறத்தில், புள்ளிபுள்ளியாய், கவசம் பூண்டு நெளிந்தன. விரால் இல்லை, அயிரை தேடினும் கிடைக்கவில்லை. இடையிடையே சில கட்லாவும் ஜிலேபிக் கெண்டையும். முட்கள் குத்திய இடமெல்லாம் வலை பீறிக் கிடந்தது.

மீன்பாசிக் குத்தகை எடுத்திருந்தவர், எங்கள் தெருவைச் சேர்ந்தவர், நாற்பது வயதிருக்கும். கடன் வாங்கிக் குத்தகைப் பணம் கட்டி, குஞ்சு வாங்கி விட்டிருந்தார். வலையைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் நோக்காமல், "எந்தப் புண்ணியவான் கொண்டாந்து விட்டானோ!" என்றார்.

நான் பையை மடித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

அன்றிரவு எனக்குள் நடந்த வழக்கில் நானே எனக்காக வாதாடினேன். நான் விட்டவை இரண்டே. அவை ஆணும் பெண்ணுமா என்பது எனக்கே தெரியாது. என்னைப் போல் வேறு எவரும் விட்டிருக்கலாம். வெள்ளத்தில் வேறு நீர்நிலையிலிருந்தும் வந்திருக்கலாம். தமிழகத்தின் பல நீர்நிலைகளில் இம்மீன் பரவியிருக்கிறது. வெளிநாட்டு மீனைப் பிறரும் கொண்டுவந்தனரே! கொசுவை ஒழிக்கக் கம்பூசியாவை 1928இல் இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர். ஜிலேபிக் கெண்டையும் 1952இல் வந்த ஆப்பிரிக்க மீன்தானே? வாதங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. உறக்கம்தான் வரவில்லை. இம்மீன் கரையில் வளை குடைந்து அதில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். தந்தை மீன் காவல் காக்கும். நீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி வாழும். நீரைவிட்டு எடுத்தாலும் பல மணி நேரம் சாகாது. அதன் கவசத்தைக் கடிக்க வல்ல மீன் நம் குளத்தில் இல்லை. இவற்றையெல்லாம் நான் நூல்களில் முன்னரே படித்திருந்தேன் என்பதுதான் என் வழக்கைத் தோற்கடித்தது.

நாலாம் நாள் என் மனைவி, "அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இனி அந்தக் கரைப் பக்கமே போக மாட்டீர்கள்" என்றாள். சென்றேன். அவர் திண்ணையில் அமர்ந்து வலையை முடிந்துகொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் கூறினேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை. சிறிது நேரம் கழித்துச் சொன்னார்:

"கொல்ல மனசில்லாமத்தானே சார்வாள் விட்டீங்க. அது எனக்கு விளங்குது. ஆனால் அந்த ரெண்டு உசுரைக் காப்பாத்தினீங்க. இந்தக் குளத்து அயிரைக்கு யாரு இரக்கப்பட்டது?"

வலைக்கு ஆன செலவைத் தருவதாகச் சொன்னேன். பாதியை வாங்கிக்கொண்டார். "மீதிக்குக் காசு வேண்டாம். வெயில் காலத்துல குளம் வத்தும்போது வந்து நில்லுங்க. சேத்துக்குள்ள இருக்கிறதைப் பொறுக்க ஆள் வேணும். நீங்க கூப்பிட்டா பிள்ளைகள் வருவாங்க" என்றார்.

வைகாசி தோறும்

அதன்பின், நோய்த்தொற்றுக் காலத்தைத் தவிர, வைகாசி தோறும் குளம் வற்றும்போது சேற்றில் இறங்குகிறேன். ஊர்ப் பிள்ளைகள் இருபது பேர் வருவர். கையில் தடித்த துணி சுற்றிக்கொண்டு, கரையின் வளைகளைத் துழாவி, அம்மீன்களை எடுத்துக் கூடையில் இடுவோம்; தென்னந்தோப்பில் குழிவெட்டி உரமாகப் புதைப்போம். முற்றாக ஒழிந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஒழியும் என்றும் எனக்கு உறுதியில்லை. ஆனால் சென்ற முறை குவியலில் அவை பாதிக்கும் குறைவாகவே இருந்தன. ஒரு சிறுவன், கைக்குள் பொத்திக்கொண்டு ஓடிவந்து, "தாத்தா, அயிரை!" என்றான். நாலைந்து அயிரைகள் அவன் உள்ளங்கையில் துள்ளின. குத்தகைக்காரர் அவற்றை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல், எஞ்சியிருந்த நீரில் விட்டார்.

இதைப் படிக்கும் இல்லங்களில் மீன்தொட்டி இருக்கலாம்; பிள்ளைகள் கேட்டு அடம்பிடிக்கலாம். மறுக்க வேண்டா. பொறுமையையும் அளவையும் வீட்டுக்குள்ளேயே கற்பிக்கும் ஆசிரியன் அது. ஆனால் வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எவ்வளவு பெரிதாக வளரும்? எத்தனை ஆண்டு வாழும்? என்னால் இயலாதபோது யாரிடம் கொடுப்பேன்? மூன்றாம் கேள்விக்கு விடையில்லையெனில் அந்த மீனைக் கடையிலேயே விட்டு வாருங்கள். முன்பே வாங்கியிருந்தால், விற்றவரிடமோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படையுங்கள். ஆற்றிலோ குளத்திலோ கிணற்றிலோ மட்டும் விடாதீர்கள். தொட்டியில் வளர்ந்த செடியையும் வாய்க்காலில் எறியாதீர்கள். கைவிடுவதற்கு விடுதலை என்று பெயர் சூட்டிக்கொள்வது எளிது, நான் சூட்டினேன்.

எங்கள் கூடத்துத் தொட்டியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கலாகாது. அதில் இன்று வெளிநாட்டு மீன் ஒன்றும் இல்லை. எங்கள் வாய்க்காலில் பிடித்த கெண்டைக் குஞ்சுகள் பத்தும், மணலைச் சலித்துக்கொண்டு திரியும் அயிரைகள் ஆறும் இருக்கின்றன. வானவில் வண்ணம் இல்லை. வருவோரில் சிலர், "இது குழம்பு மீன் அல்லவா?" என்று வியப்பர். விடுமுறைக்கு வரும் என் பேரன்தான் அவர்களுக்கு விடை சொல்வான்: "ஆமாம். ஆனால் இது இந்த ஊர் மீன்."

என் தாயார் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். அவர் கேட்ட கேள்விக்கு, நாற்பது ஆண்டு கழித்து, குழம்புக்கு ஆகும் மீனுக்கே உபசாரம் செய்யத் தொடங்கியிருக்கிறேன்.